ஞாயிறு அதிகாலைச் சென்னை: மெல்லோட்டமும் தெருவோரக் கலையும்

சென்னை மாரத்தான் ஜனவரியில் நடக்கும். முழு மாரத்தான் ஓடுகிற 42.195 கிலோமீட்டர்காரர்கள் அதிகாலை 4 மணிக்கே, ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, நேப்பியர் பாலத்துப் பக்கம் கூடிவிடுவார்கள். அவர்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இங்கே சொல்லப்போவது இன்னொரு கூட்டத்தைப் பற்றி. இவர்களுக்குப் பதக்கம் வேண்டாம், நேரக்கணக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாலைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓடி, வழியில் கண்ணுக்கு நல்லதாக எதையாவது பார்த்துவிட்டு, ஒரு ஃபில்டர் காபியோடு வீடு திரும்பினால் போதும். ஓட்டக்காரர்கள் வட்டாரத்தில் ஃபன் ரன் என்பார்கள். வீட்டில் 'சும்மா ஓடிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

இப்படி ஓடுவதற்கும் இந்த ஊரின் கலையைப் பார்ப்பதற்கும் ஏற்ற நேரம் ஒன்றுதான். இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். காலை ஐந்திலிருந்து ஏழரை வரை, தெருவில். ஏன் அப்படி அமைந்தது என்று பார்த்தால் வெயில், கடல், வண்டிகள், சுவரொட்டி, மார்கழி என்று பல விஷயங்கள் வந்து சேர்கின்றன.

முதலில் வெயில். சென்னையில் ஓட்டத்துக்குப் பெரிய எதிரி சூடு என்று நினைப்போம். பாதிதான் சரி. மீதிப் பாதி ஈரப்பதம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடலோர ஊரில் விடியற்காலையில் காற்று ஏற்கெனவே நீரில் ஊறிக் கிடப்பதால் வியர்வை காய மறுத்து, சட்டையில் கனமாகத் தங்கிவிடுகிறது. ஐந்து மணிக்கு வெப்பம் குறைவு, ஈரப்பதம் அதிகம். எட்டு மணிக்கு ஈரப்பதம் கொஞ்சம் இறங்கும், வெயில் ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற ஒன்றரை, இரண்டு மணி நேரத்தைத்தான் ஊரே பங்கு போட்டுக்கொள்கிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கொஞ்சம் தாராளம். ஏப்ரல், மே மாதங்களில் ஐந்தரைக்குள் ஓட ஆரம்பிக்காதவர்கள் நடப்பதே நல்லது.

இந்தத் தட்பவெப்பத்தில் வேகமாக ஓடிச் சாதிக்க ஒன்றும் இல்லை. பக்கத்தில் வருகிறவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் சரியான வேகம். எந்தப் பயிற்சியாளரும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். பேச முடிகிற வேகத்தில் பார்க்கவும் முடியும். கைக்கடிகாரத்தில் 'பேஸ்', அதாவது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று, பார்த்துக்கொண்டே ஓடுகிறவருக்கு எதிரே வருகிற மாடுகூடக் கண்ணில் படாது.

பொழுதுபோக்காக ஓடுவது உலகத்திலேயே அப்படி ஒன்றும் பழைய வழக்கம் இல்லை. 1938-இல் கோலாலம்பூரில் சில பிரிட்டிஷ்காரர்கள் திங்கட்கிழமை மாலைகளில் காகிதத் துண்டுகளைத் தடயமாகப் போட்டு, ஒருவர் பின்னால் ஒருவர் தேடிக்கொண்டு ஓடினார்கள். முடிவில் பீர். ஹேஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் என்ற அந்தக் கூட்டம் பிறகு உலகம் முழுக்கக் கிளை விட்டது. 1962-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்ற பயிற்சியாளர் நடுவயதுக்காரர்களைச் சேர்த்து மெல்லோட்டச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதைப் பார்த்துவிட்டுப் போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் தன் நாட்டில் ஜாகிங்கைப் பரப்பினார். 2004-இல் லண்டன் புஷ்ஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கிய பார்க்ரன், சனிக்கிழமை காலை 5 கிலோமீட்டர், கட்டணம் கிடையாது என்ற எளிய விதியை வைத்தே பல நாடுகளுக்குப் போய்விட்டது.

சென்னையில் இந்தப் பழக்கம் அமைப்பாக உருவெடுத்தது 2006-இல், சென்னை ரன்னர்ஸ் குழு தொடங்கியபோது. இன்று அதற்குப் பேட்டைக்குப் பேட்டை கிளைகள். பெயர்களிலேயே ஊர்க் குறும்பு தெரியும்: ஆழ்வார்பேட்டைப் பக்கம் 'பேட்டை ராப்பர்ஸ்', அண்ணா நகரில் டவர் பார்க்கை நினைத்து 'டவர் ட்விஸ்டர்ஸ்', அசோக் நகரில் தூணை நினைத்து 'பில்லர் பேசர்ஸ்'. ஜூலையில் ட்ரீம் ரன்னர்ஸ் நடத்தும் அரை மாரத்தான், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்த நிதி சேர்ப்பது. கூட்டக் கணக்கில் பெரியது என்றால் 2023 ஆகஸ்டில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தான். 73,000-க்கும் அதிகமானோர் பதிவு செய்துகொண்டு கின்னஸ் சான்றிதழும் வாங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் மாநில அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தது. சென்னைக்கான பாதை அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம்.

பெரிய நிகழ்ச்சிகளைக் குறை சொல்வதற்கில்லை. சாலையை அடைத்து, தண்ணீர்ப் பந்தல் போட்டு, ஆம்புலன்ஸ் நிறுத்தி நடத்துவது லேசான காரியமா? அந்தச் செலவுதான் கட்டணமாக வருகிறது. 10 கிலோமீட்டர் ஓடுவதற்கே சில இடங்களில் ஆயிரம் ரூபாயைத் தொட்டுவிடுகிறது. நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, அதன் பின்னால் ஒட்டிய டைமிங் சிப், டி-ஷர்ட், முடிவில் பதக்கம், ஒரு வாழைப்பழம். ஃபன் ரன் என்று தனியாக ஒரு பிரிவு வைத்தால் அதில் சிப் இருக்காது, இவ்வளவு நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்ற கெடுவும் பெரும்பாலும் இருக்காது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற அப்பா, பட்டுப்புடவையில் ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட பாட்டி எல்லோரையும் அங்கே பார்க்கலாம். ஆனால் என் கட்சி வேறு. டி-ஷர்ட் வருடத்துக்கு ஒன்று போதும், அப்புறம் அது வண்டி துடைக்கத்தான் ஆகும். மற்ற ஞாயிறுகளில் பேட்டைக் குழுவோடு இலவசமாக ஓடலாம், தனியாகவும் ஓடலாம். தனியாக ஓடினால் பாதையை நாமே வகுத்துக்கொள்ள முடியும். கலைக்கு அதுதான் தோது.

பாதை என்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மெரினா. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை காமராஜர் சாலை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் கடற்கரையை ஒட்டி நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்ததிலிருந்து இது ஊரின் நடைத்தடம். இதை நான் கூரையில்லாத சிற்பக் கூடம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தொடங்குகிற இடமே படமாக இருந்தது: 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கு வளைவு, கைப்பிடி, தரை என்று எதையும் விடாமல் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். அதைப் படம் எடுக்க நடுப்பாலத்தில் வண்டியை நிறுத்தியவர்களால் அப்போது போக்குவரத்து திணறியது தனிக்கதை. ஓடுகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் உழைப்பாளர் சிலை. பேருந்தில் ஆயிரம் தடவை கடந்தவர்கள்கூட அதை ஒரு தடவை சுற்றி வந்திருக்க மாட்டார்கள். நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சாலையிலிருந்து தெரிவது அவ்வளவுதான். கிட்டே போய்ப் பின்பக்கமாக நின்று கால்களைப் பாருங்கள். கெண்டைக்கால் தசை எப்படிப் புடைத்திருக்கிறது, குதிகால் எப்படி மண்ணை உந்துகிறது, ஒவ்வொருவர் முதுகும் எப்படி வேறு வேறு கோணத்தில் வளைந்திருக்கிறது என்பது அப்போதுதான் புரியும். மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு, அதே தசை நமக்கும் வலிக்கிறபோது பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். மல்யுத்தம் பழகிய உடம்பு அவருடையது. தசையை வெளியிலிருந்து மட்டும் பார்த்தவர் கை அப்படிச் செதுக்காது என்பது என் எண்ணம். சிலை திறந்தது 1959 ஜனவரியில், குடியரசு தினத்துக்கு முந்தைய நாள். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இதே சென்னைக் கடற்கரையில்தான். சாலையின் தென்பகுதியில் கோலூன்றி வேகமாக நடக்கிற காந்தியும் ராய் சௌத்ரியின் வேலைதான், அதுவும் 1959. நடக்கிற சிலை என்பதால் ஓட்டக்காரர்களுக்கு அவரிடம் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. குழுவாக ஓடுகிறவர்கள் 'காந்தி சிலையில் பார்க்கலாம்' என்றுதான் பேசி வைப்பார்கள்.

இந்த இரண்டுக்கும் இடையில் நிற்பவை பெரும்பாலும் 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுவியவை: வள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், கால்டுவெல், போப், கண்ணகி. எல்லாம் ஒரே தரம் என்று சொல்லமாட்டேன். சில விறைப்பாக, பள்ளிக்கூடப் பாடப்புத்தகப் படம் போலத்தான் நிற்கின்றன. ஆனால் சிலம்பை ஏந்திய கையை நீட்டி நிற்கிற கண்ணகியிடம் அந்த விறைப்பு கோபமாக மாறிவிடுகிறது. 2001 டிசம்பரில் அந்தச் சிலையை எடுத்ததும், 2006-இல் ஆட்சி மாறியதும் திரும்ப வைத்ததும் ஊரே வாதம் செய்த விஷயங்கள். ஒரு சிலை இல்லாமல் போனதைத் தினமும் அந்த வழியாக நடக்கிறவர்கள்தான் முதலில் உணர்வார்கள்.

ராய் சௌத்ரியின் மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். குருவுக்குப் பின் கல்லூரி முதல்வரானவர். படம் வரைந்து பிழைக்க முடியாமல் திறமைசாலிகள் வேறு வேலைக்குப் போவதைப் பார்த்து, 1966-இல் தன் மாணவர்களோடு சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார். பகலில் மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாட்டிக் துணி, கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் தங்கள் ஓவியத்தைத் தொடர்ந்தார்கள். அன்றைக்கு அது சவுக்குத் தோப்பும் மணலும். இன்றைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் நெரிசலுக்கு நடுவே இருக்கிறது. பணிக்கரும் கூட்டாளிகளும் வளர்த்த மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் அங்கே 2009-இல் திறந்தது. நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் திருவான்மியூரிலிருந்து இந்தச் சாலையில் வருவது வழக்கம். ஆனால் ஓட்டம் ஏழரைக்குள் முடிந்துவிடும், அருங்காட்சியகம் அதற்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் திறக்கும். ஆகவே இதற்கு மட்டும் குளித்துவிட்டு இன்னொரு தடவை வரவேண்டும். வியர்த்த சட்டையோடு பணிக்கரைப் பார்க்கப் போவதும் சரியில்லை.

ஓட்ட நேரமும் கலையின் நேரமும் துல்லியமாகப் பொருந்துவது மயிலாப்பூரில், மார்கழியில். கோலம் ஐந்து மணிக்குப் பிறக்கிறது. எட்டு மணிக்குள் பால்காரர் சைக்கிள், பள்ளிக்கூட வேன், ஸ்விக்கி பையன் என்று ஒவ்வொருவராகக் கலைத்துவிடுகிறார்கள். மத்தியானம் போனால் வெறும் வெள்ளைத் தடம்தான் மிச்சம். முழுதாகப் பார்க்கிற பாக்கியம் அந்த நேரத்தில் தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும்: பேப்பர் போடுகிறவர், பஜனைக்காரர்கள், நடைக்குப் போகிறவர்கள், ஓடுகிறவர்கள். அருங்காட்சியகத்தில் வைக்க முடியாத கலை. நாம்தான் அதன் நேரத்துக்குப் போகவேண்டும்.

சற்று நின்று பாருங்கள். வாசல் தெளித்த ஈரம் முழுக்கக் காய்வதற்குள் புள்ளி வைத்தாக வேண்டும், அப்போதுதான் மாவு தரையைப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்த மாவு, கை நகர நகர ஒரே கனத்தில் இழையாக இறங்குகிறது. இழுக்கும்போது விரல் தரையைத் தொடுவதில்லை. புள்ளிகளைச் சேர்த்துப் போடும் கோலம் ஒரு வகை. புள்ளிகளைத் தொடாமல் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிற சிக்குக் கோலம் இன்னொரு வகை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970-களில் இந்தக் கோலங்களைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களோடு, அதாவது சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டு உருவங்களைப் பிறப்பிக்கும் முறையோடு, இணைத்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகள் அத்துறையில் இன்றும் பேசப்படுகின்றன. வாசலில் குனிந்து கோலம் போடுகிற அம்மாவுக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவர் கவலை எல்லாம் பதினைந்து புள்ளி வரிசை எதிர்வீட்டுப் படிக்கட்டில் போய் முட்டாமல் இருக்கவேண்டுமே என்பதுதான்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மாடவீதிகளில் தனி வீடுகள் குறைந்து அடுக்குமாடிகள் கூடிவிட்டன. பல அடுக்குமாடிகளின் வாசல் கோலத்தைப் போடுவது அங்கே குடியிருப்பவர்கள் அல்ல. வாட்ச்மேனின் மனைவியோ, வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணோ மாதச் சம்பளத்துக்குப் போடுகிறார்கள். கையில் உள்ள திறமை அவருடையது. வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாதிரி போனில் திறந்திருக்கும். அரிசி மாவும் போய்க் கல்மாவு வந்துவிட்டது, எறும்புக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. பூசணிப்பூ மட்டும் சாணி உருண்டை மேல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, கிடைக்கிற வீடுகளில். ஜனவரி தொடக்கத்தில் நடக்கிற மயிலாப்பூர் விழாவில் வடக்கு மாடவீதியில் கோலப் போட்டி வைப்பார்கள். போட்டிக் கோலங்கள் அழகுதான். ஆனாலும் யாரும் மதிப்பெண் போடாத வாசல் கோலத்தில் இருக்கிற அலட்சியமான லாகவம் அதில் வராது.

மயிலாப்பூருக்கு இது புதிதும் இல்லை. விடியற்காலையில் கூட்டமாகத் தெருச் சுற்றுவதை இந்த ஊர் ஓட்டக் குழுக்களுக்கு வெகுகாலம் முன்பே பழகியிருந்தது. 1920-களில் தொடங்கிப் பல்லாண்டுகள் மார்கழி மாதம் முழுக்க பாபநாசம் சிவன் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி நாலு மாடவீதிகளிலும் பஜனை பாடி வந்தார். அவர் போன பிறகும் அந்தப் பஜனை நிற்கவில்லை. எதிரே பஜனைக் கூட்டம் வந்தால் ஓட்டத்தை நிறுத்தி ஓரமாக ஒதுங்கி, முடிந்தால் ஒரு பாட்டு தூரம் கூடவே நடப்பது நல்லது. பயிற்சி ஒன்றும் கெட்டுவிடாது. கோலத்தின் மேல் கால் படாமல் தாண்டிப் போகவேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பத்து பேராக ஓடுகிற குழுக்களைப் பார்த்தபின் சொல்லத் தோன்றுகிறது.

சரி, சுவர்களுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுவர் என்றால் முதலில் கட்சிக்காரர்களுக்கு. வெள்ளை அடித்து, ஓரத்தில் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி வைத்தால் அந்தச் சுவர் 'புக்' ஆகிவிட்டது என்று அர்த்தம். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உழைப்பாளர் சிலைக்கு ஒத்த வயது. சிலையைத் தினமும் பார்க்கிறோம், சட்டம்தான் கண்ணில் படுவதில்லை. ஆனால் அந்த எழுத்துகளை வெறும் தொல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஆளுயர எழுத்தை அளவுகோல் இல்லாமல், நிழல் கொடுத்து, வளைவு பிசகாமல் எழுதுகிற கை பெரிய கை. சினிமா பேனர், கட்-அவுட் வரைந்த அதே பரம்பரைதான். டிஜிட்டல் ஃப்ளெக்ஸ் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று.

2009, 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலை, காமராஜர் சாலைச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுவதைத் தடுக்க ஓவியம் வரையவைத்தபோது பேனர் வரைந்து பழகிய கைகளுக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. ஜல்லிக்கட்டு, தஞ்சைப் பெரிய கோயில், பரதநாட்டியம், மாமல்லபுரம் என்று சுற்றுலாத் துறை நாட்காட்டியைப் பிரித்து ஒட்டியது போலத்தான் இருந்தது. நுட்பமான விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் அந்தப் படங்கள் மேல் பசை தடவத் தயங்கினார்கள் என்பதும் உண்மை. சிறுநீர் கழிப்பதைத் தடுக்கச் சந்துச் சுவர்களில் சாமிப் படம் போட்ட டைல்ஸ் பதிக்கிற உத்தியின் பெரிய அண்ணன் இது. அப்போது மேயர் மா. சுப்பிரமணியன். பின்னாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான் ஓடி, 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சராகி, மேலே சொன்ன நடைபாதைத் திட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. சென்னையில் ஓட்டமும் சுவரோவியமும் ஒரே ஆளின் கோப்பில் சந்தித்திருக்கின்றன என்பது வேடிக்கையான ஒற்றுமை.

அடுத்த தலைமுறைச் சுவரோவியம் வேறு மாதிரி. தெருக்கலைக்கான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ் துணையோடு பல நகரங்களில் செய்துவருகிற வேலை அது. இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் ஏ-கில் என்ற சென்னை ஓவியர் தலைமையில் வரைந்த முகங்களைப் பாருங்கள். சாதாரண முகங்கள், அடுத்தடுத்து, நிலையத்தின் நீளத்துக்கு. இவர்களில் சிலர் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்கள், சிலர் இல்லை. யார் எவர் என்று சுவர் சொல்லாது. நாமும் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் படத்தின் பொருள். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் விழிப்புணர்வுப் படம் என்ற விவரம் தெரியாமலே தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் கடக்கிறார்கள். காரில் போனால் ஏழெட்டு விநாடியில் முடிந்துவிடும். மெதுவாக ஓடினால் ஒவ்வொரு முகத்துக்கும் நேரம் கிடைக்கும். பெரிய சுவரோவியங்களுக்கு மெல்லோட்ட வேகம் பொருந்துவது போல் வேறெந்த வேகமும் பொருந்துவதில்லை.

பெசன்ட் நகரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், அங்கே ஓடாதவர் யார்? அருகம்புல் சாறு, முளைகட்டிய பயறு, கேழ்வரகுக் கூழ் என்று ஓட்டத்தை நம்பியே ஒரு சின்ன வியாபாரம் அந்தக் கடற்கரையில் நடக்கிறது. 1930-இல் நீரில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர் விட்ட டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபம் மணலில் வெள்ளையாக நிற்கிறது, கிறுக்கல்களோடு. 2014 அக்டோபரில் இரண்டாவது அவென்யூவில் ஞாயிறு காலைகளில் வண்டிகளைத் தடுத்து, சாலையை நடப்பவர்களுக்கும் விளையாடுகிறவர்களுக்கும் விட்டுப் பார்த்தார்கள். இந்த ஊரின் தெருக்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். நடைபாதையில் பைக்கும் மின்மாற்றியும் நிற்கிற ஊரில் ஓடுகிறவருக்கும் கோலம் போடுகிறவருக்கும் தெருக்கூத்து ஆடுகிறவருக்கும் வேண்டியது ஒன்றேதான், வண்டி வராத கொஞ்சம் தரை. கடற்கரையை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சமூக ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் தொடங்கிய விழா சபா இசையையும் இப்படித் திறந்த வெளிக்குக் கொண்டுவந்தது. கர்நாடக இசையும் பறையும் மீன்வலைகளுக்குப் பக்கத்தில், டிக்கெட் இல்லாமல். 2007-இல் தொடங்கி, நின்று, 2023-இல் மீண்ட சென்னை சங்கமமும் பொங்கல் நேரத்தில் பூங்காக்களுக்கும் திடல்களுக்கும் கரகத்தையும் ஒயிலாட்டத்தையும் கொண்டுவருகிறது.

கடைசியாகக் கண்ணகி நகர். இதைத்தான் கொஞ்சம் யோசித்துப் போகவேண்டும். நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாயோரங்களிலும் இருந்த குடும்பங்களை 2000-ஆம் ஆண்டிலிருந்து அப்புறப்படுத்தி, பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் கட்டிக் கொடுத்த 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஆனவர்கள். முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற புகாரும் வெகுநாள் இருந்தது. 2020-இல் மாநகராட்சியோடு சேர்ந்து ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை இங்கே அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களில் பதினைந்துக்கும் குறையாத ஓவியங்களைத் தீட்டி, சென்னையின் முதல் கலை வட்டாரம் என்று அறிவித்தது. ஏ-கில் வரைந்த சிரிக்கும் குழந்தைகளின் முகங்களும், ஒஷீன் சிவாவின் அடர்நிறப் பெண்களும் உண்டு.

சாயம் அடித்தால் தண்ணீர் வருமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஓவியம் எந்த அரசு அலுவலகத்தின் வேலையையும் செய்யாது. அதே சமயம், தன் தெருப் பெயரைச் சொல்லத் தயங்கிய பையன் இப்போது 'அந்தப் பெரிய படம் இருக்கே, அந்த பிளாக்' என்று வழி சொல்கிறான் என்றால் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகாவும் கண்ணகி நகர்ப் பெண்தான். அதற்குப் பிறகு அந்த வட்டாரப் பெயர் செய்தியில் வருகிற விதமே மாறிப்போனது. ஓட்டக் குழுக்களின் கிளைகள் வசதியான பேட்டைகளில்தான் அதிகம் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

அங்கே ஓடப் போகிறவர்கள் இரண்டு, மூன்று பேராகப் போவது நல்லது. இருபது பேர் ஒரே நிறச் சட்டையில் இறங்கினால் அது ஊர்வலமாகிவிடும். கோபுரம் பார்க்கிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடினால் குழாயடிக் குடங்களில் இடறுவீர்கள். குடத்துக்காரம்மா சும்மா விடமாட்டார். சுவரைப் படம் எடுங்கள், அதன் கீழே பல் துலக்கிக்கொண்டிருப்பவரை எடுக்காதீர்கள், எடுத்தே ஆகவேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். உப்புக் காற்றும் மழையும் சேர்ந்து இந்தச் சாயத்தைத் தின்றுகொண்டே இருப்பதால் சில படங்களில் மூலைகள் ஏற்கெனவே உரிந்திருக்கின்றன. தள்ளிப்போடாமல் வருவது நல்லது. காலை டிபனை அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், தள்ளுவண்டி இட்லி சூடாக இருக்கும். சில்லறை எடுத்துப் போங்கள். ஓடுகிற டிரவுசரில் ஐந்நூறு ரூபாய் நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு வருகிறவர்களை எந்தக் கடைக்காரருக்கும் பிடிப்பதில்லை.